கிருபையால் கிடைத்த இரட்சிப்புக்கு நன்றி சொல்லி ஜெபிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்ததும் மைக்கைப் பிடிக்கிறவர்கள் எதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, விசா வந்தது, பாதியில் நின்ற வீட்டு வேலை மறுபடி தொடங்கியது. எல்லாமே நன்றி சொல்ல வேண்டியவைதான். ஆனால் "என் பாவங்கள் மன்னிக்கப்பட்டன, அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்த ஒருவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இரட்சிப்பு நமக்குப் பழைய செய்தியாகிவிட்டது. ஞானஸ்நானம் எடுத்த அன்று அதற்கு அழுதோம், அப்புறம் மற்ற விண்ணப்பங்களுக்குப் போய்விட்டோம். இந்த வழிகாட்டி அந்த நன்றியைத் தினசரி ஜெபத்துக்குள் மறுபடி கொண்டுவருவதற்கானது. காலையில் 20 நிமிடம் ஒதுக்க முடிந்தால் போதும். எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் சரி.

தொடங்குமுன்: எதைச் செலுத்துவது?

முதலில் ஒரு கோணலை நிமிர்த்த வேண்டும். நம்மில் பலருக்கு நன்றி என்றாலே கடன் அடைப்பது என்ற நினைப்பு. "இயேசு எனக்காக இவ்வளவு செய்தார், நான் அவருக்கு என்ன செய்தேன்?" என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு, ஜெபமே மாதத் தவணை கட்டுவது போல ஆகிவிட்டது. இரண்டு நாள் தவறினால் பயம், ஒழுங்காக நடந்தால் உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

எபேசியர் 2:8, 9 இந்தக் கணக்கையே மூடிவிடுகிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." ஜெபமும் ஒரு கிரியைதான். அதைக் கொண்டு இரட்சிப்பைச் சம்பாதிக்கவும் முடியாது, வாங்கிய பிறகு விலை கொடுக்கவும் முடியாது.

அப்படியானால் நன்றியாக எதைத்தான் கொடுப்பது? 116ஆம் சங்கீதக்காரன் இதையே கேட்கிறான்: "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?" அடுத்த வசனத்தில் பதிலும் சொல்லிக்கொள்கிறான்: "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்." செலுத்த வந்தவன் மறுபடியும் வாங்கிக்கொள்கிறான்! பொருத்தனையைச் செலுத்துவது அதற்கு அப்புறம், 14ஆம் வசனத்தில்தான் வருகிறது. இந்த வரிசை முக்கியம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் முதலில் வாங்குவதுதான் வேலை.

1563இல் ஜெர்மனியில் வெளிவந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசம் 129 கேள்வி பதில்களை மூன்று பாகமாகப் பிரிக்கிறது: மனிதனுடைய பரிதாப நிலை, மீட்பு, நன்றி. ஜெபத்தைப் பற்றிய பாடம் இதில் எங்கே வருகிறது? மூன்றாவது பாகத்தில். ஜெபம் ஏன் தேவை என்ற 116ஆம் கேள்விக்கு, தேவன் நம்மிடம் கேட்கும் நன்றியில் ஜெபமே பிரதானமானது என்று பதில் தொடங்குகிறது. இரட்சிப்பைப் பெறுவதற்கான வழிகளில் ஒன்றாக ஜெபத்தை அது வைக்கவில்லை. பெற்றவர்கள் பேசும் பேச்சாக வைத்தது.

முதல் படி: உட்காருங்கள்

இடம், நேரம் பற்றி நிறைய எழுதலாம், தேவையில்லை. மொட்டை மாடியோ, சமையலறை மேடைக்குப் பக்கத்து நாற்காலியோ, எது வாய்க்கிறதோ அது. முழங்கால் வலிக்கிறவர்கள் தயங்க வேண்டாம். தேவனுக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீதிடம், நீ எனக்குக் கட்ட வேண்டாம், நானே உனக்கு ஒரு வீட்டைக் கட்டுவேன் என்று தீர்க்கதரிசியாகிய நாத்தான் மூலம் பதில் வந்தபோது, அவன் கர்த்தருடைய சமுகத்தில் போய் உட்கார்ந்துதான் ஜெபித்தான்: "நீர் என்னை இதுவரைக்கும் கொண்டுவந்ததற்கு, நான் எம்மாத்திரம்? என் வீடும் எம்மாத்திரம்?" (1 நாளாகமம் 17). கையில் கொண்டுவந்த திட்டம் திருப்பிக் கொடுக்கப்பட்ட பிறகு வந்த நன்றி அது.

போனை வேறு அறையில் வையுங்கள். வேதாகமம் போனில்தான் இருக்கிறது என்பவர்கள் ஓர் அச்சுப் பிரதி வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: ஒரு வேதபகுதியை எடுங்கள், அட்டையை அல்ல

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை அலமாரியில் இருக்கட்டும். "உன்னை ஆசீர்வதிப்பேன்" என்ற ஒற்றை வரி ஆறுதலாக இருக்கும், ஆனால் மன்னிப்பைப் பற்றி அது பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. இந்த ஜெபத்துக்கு இரட்சிப்பைப் பற்றியே பேசும் பகுதி வேண்டும். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது சங்கீதம் 103. அது பழகிய பிறகு எபேசியர் 2:1-10, ஏசாயா 53, ரோமர் 5:1-11, லூக்கா 15.

103ஆம் சங்கீதத்தில் ஒரு விசேஷம் உண்டு. 22 வசனங்களில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. எதையும் கேட்காமல் முடிகிற ஜெபம். அதுவும் தாவீது தன் ஆத்துமாவிடம்தான் பேச ஆரம்பிக்கிறான்: "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." மறந்துவிடும் என்று தெரிந்துதான் சொல்கிறான். பிறகு உபகாரங்களை வரிசைப்படுத்துகிறான்: மன்னிப்பு, சுகம், அழிவிலிருந்து மீட்பு, கிருபையின் முடி, நன்மையினால் திருப்தி. நம் சாட்சிகளில் சுகம் முதலில் வரும். இங்கே "உன் அக்கிரமங்களையெல்லாம் மன்னித்து" என்பதற்குப் பிறகுதான் "உன் நோய்களையெல்லாம் குணமாக்கி" வருகிறது.

முழுச் சங்கீதத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். பிறகு ஒரே ஒரு வசனத்தில் நில்லுங்கள். மறுநாள் அடுத்த வசனம். அவசரம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி: ஒரு வசனம், நான்கு புரிகள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். முறை என்னுடையது அல்ல. விட்டன்பர்க் நகரில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு முடி திருத்தி வந்த பீட்டர் பெஸ்கெண்டார்ப், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். லூத்தர் 1535இல் அவருக்கு நீண்ட கடிதமாகவே பதில் எழுதி அச்சிட்டார். கேட்டவருடைய தொழிலையே அதில் எடுத்துக் காட்டினார்: நல்ல நாவிதர் கண்ணையும் கருத்தையும் கத்திமேலும் முடிமேலும் வைத்திருப்பார், பராக்குப் பார்த்துப் பேசிக்கொண்டே சவரம் செய்தால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார், ஜெபமும் அப்படித்தான். கூடவே, "முதலில் இந்த வேலையை முடித்துவிடுகிறேன், ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கிறேன்" என்ற எண்ணத்தை நம்பாதே என்றும் எச்சரித்தார். ஸ்மார்ட்போன் இல்லாத காலத்திலேயே இந்த நிலைமை.

பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு புரியுள்ள மாலையாகத் தான் முறுக்கிக்கொள்வதாக லூத்தர் அதில் சொல்கிறார். இது எனக்கு எதைப் போதிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. இந்த நான்கையும் எந்த வசனத்துக்கும் பயன்படுத்தலாம். சங்கீதம் 103:10ஐ எடுத்துக்கொள்வோம்: "அவர் நம்முடைய பாவங்களுக்குத்தக்கதாக நமக்குச் செய்யாமலும், நம்முடைய அக்கிரமங்களுக்குத் தக்கதாக நமக்குச் சரிக்கட்டாமலும் இருக்கிறார்."

போதனை: "கர்த்தாவே, என் பாவங்கள் உமக்குத் தெரியாமல் நீர் விட்டுவிடவில்லை. எல்லாம் தெரிந்தும் அதற்குத் தக்கதாக எனக்குச் செய்யாமலிருக்கிறீர். என் அக்கிரமம் காற்றில் கரைந்துபோகவும் இல்லை. அதை உம்முடைய குமாரன்மேல் விழப்பண்ணினீர்." இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏசாயா 53:6 சொல்வது அதைத்தான். சிலுவையைச் சொல்லாத நன்றி, "சாமி நல்லவர், கண்டுகொள்ள மாட்டார்" என்ற சமாதானத்தில் போய் நின்றுவிடும்.

நன்றி: இங்கே பொதுவாகப் பேசக் கூடாது. "பாவியாகிய என்னை நேசித்தீரே" என்பது சரிதான், ஆனால் எத்தனையோ முறை சொன்ன வரி. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நேற்று ராத்திரி அம்மா மாத்திரையை மூன்றாம் முறை மாற்றி எடுத்தபோது எரிந்து விழுந்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார்கள். அந்த வாயோடுதான் இப்போது உம்மிடம் பேசுகிறேன். போ என்று நீர் சொல்லவில்லை. இந்தக் காலையில் உம் முன்னால் உட்கார எனக்கு இடம் இருக்கிறதே, ஸ்தோத்திரம்." ஒரு சம்பவம், ஒரு பெயர், ஒரு நேரம் இருந்தால் நன்றிக்குத் தானாகவே உயிர் வரும்.

அறிக்கை: "அது களைப்பு மட்டும் இல்லை ஆண்டவரே. எனக்குத் தொந்தரவு தருகிறவர்கள் வேண்டாம் என்று இருந்தது. உமக்கு நான் எத்தனை தொந்தரவு!" நன்றி சொன்ன பிறகு அறிக்கை வருவதைக் கவனியுங்கள். நாம் வழக்கமாக முதலில் பாவத்தையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, அப்புறம் நன்றிக்கு வருவோம். மன்னிக்கிறவர் என்று முதலில் பார்த்துவிட்டால் மறைக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது.

விண்ணப்பம்: "அம்மாவிடம் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கத் தைரியம் தாரும். நீர் எனக்குச் சரிக்கட்டாததுபோல நானும் யாருக்கும் சரிக்கட்டாமலிருக்க உதவி செய்யும்."

நான்கும் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகாது. நடுவில் ஏதாவது ஒரு புரியில் மனம் நெகிழ்ந்து நின்றுவிட்டால், மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். பரிசுத்த ஆவியானவரே பிரசங்கிக்கத் தொடங்கினால் நீ வாயை மூடிக்கொண்டு கேள் என்பதுதான் லூத்தரும் பீட்டருக்குச் சொன்ன யோசனை.

நான்காம் படி: பரிசேயன் பரிசோதனை

லூக்கா 18இல் இரண்டு பேர் ஜெபம்பண்ணத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். அதில் நன்றி ஜெபம் செய்தது யார்? பரிசேயன். "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால், உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று தேவனைத்தான் ஸ்தோத்திரிக்கிறான். ஆயக்காரன் ஸ்தோத்திரமே சொல்லவில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வரிதான். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன் அவன்.

ஆகவே உங்கள் நன்றியைச் சோதிக்க இரண்டு கேள்விகள். இதில் யாரோடாவது என்னை ஒப்பிட்டுப் பேசினேனா? "குடிகாரக் குடும்பத்தில் பிறந்தும் என்னை அப்படி விடாமல்" என்று தொடங்கும் சாட்சிகள் பல நேரம் இந்தக் குழியில்தான் விழுகின்றன. அடுத்தது, நான் நன்றி சொன்னது தேவன் செய்ததற்கா, அல்லது நான் செய்ததற்கு அவரைச் சாட்சிக்கு அழைத்தேனா? உபவாசமும் தசமபாகமும் பரிசேயனுடைய பட்டியலில் இருந்தவை. நம் பட்டியலில் அதிகாலை ஜெபம் இருக்கலாம், ஆயிரம் ஸ்தோத்திர பலி சொல்லி முடித்தது இருக்கலாம். ஸ்தோத்திர பலி சொல்வது நல்ல பழக்கம். எண்ணிக்கையைப் பிறரிடம் சொல்லத் தோன்றும்போது மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஐந்தாம் படி: இப்போது கேளுங்கள்

கடன், மகளுடைய கல்யாணம், ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாவற்றையும் இங்கே கொண்டுவரலாம். நன்றி ஜெபத்தில் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். "தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல்" ஒப்புக்கொடுத்தவர் மற்றவற்றையும் அருளாதிருப்பாரா என்று ரோமர் 8:32 கேட்கிறது. சிலுவையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறவனுக்குப் பேரம் பேச வேண்டியதில்லை. "இதைத் தந்தால் நான் அதைச் செய்வேன்" என்ற வாக்கியம் வாயில் வந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆறாம் படி: எழுந்திருக்குமுன் ஒரு பெயர்

எபேசியர் 2:8, 9 வரை மனப்பாடமாகச் சொல்லும் நாம் 10ஆம் வசனத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்கிறோம். நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது அது. கிரியையால் இரட்சிப்பு இல்லை, இரட்சிப்பிலிருந்து கிரியை உண்டு.

எங்கே தொடங்குவது? மத்தேயு 18இல் ராஜா ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடனை மன்னித்துவிடுகிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி என்பார்கள். ஆக, 6 கோடி நாள் கூலி. பல தலைமுறை உழைத்தாலும் தீராது. வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம், அதாவது நூறு நாள் கூலி, தர வேண்டியவனுடைய தொண்டையைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலியும் சின்னத் தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்குச் செய்யப்பட்ட அநியாயம் உண்மையாகவே பெரியதாக இருக்கலாம்.

எழுந்திருக்குமுன் அப்படி ஒரு பெயரைச் சொல்லி, "இவருக்கும் உம்முடைய கிருபை வேண்டும்" என்று ஜெபியுங்கள். அவரோடு மறுபடி பழக வேண்டும் என்றோ, அடிக்கிறவரோடு சேர்ந்து வாழ வேண்டும் என்றோ இதற்கு அர்த்தம் இல்லை. பழிவாங்கும் உரிமையைக் கையிலிருந்து விடுவது மட்டும்தான். அது ஒரே காலையில் நடக்காது, பரவாயில்லை.

வறண்ட நாளும் விழுந்த நாளும்

சில நாள் ஒன்றும் தோன்றாது. வசனம் காகிதமாகவே இருக்கும். அன்றைக்கு மற்றவர்கள் எழுதிய ஜெபத்தை எடுத்து வாசியுங்கள். ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் வருட ஜெப புத்தகத்தில் பொதுவான நன்றி ஜெபம் ஒன்று இருக்கிறது. படைத்ததற்கு, காப்பாற்றி வருவதற்கு, இம்மைக்குரிய நன்மைகளுக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக இயேசு கிறிஸ்துவால் உலகத்தை மீட்ட அன்புக்காக என்று ஏறுகிறது. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நீங்களே நான்கு வாக்கியம் சொல்லலாம். எழுதிவைத்த ஜெபத்தில் ஆவி இல்லை என்று சிலர் சொல்வார்கள். சங்கீதங்களும் எழுதிவைத்த ஜெபங்கள்தானே?

விழுந்த நாள் இதைவிடக் கடினம். தெரிந்தே செய்த பாவம் நெஞ்சில் நிற்கும்போது இரட்சிப்புக்கு நன்றி சொல்வது நடிப்பாகத் தெரியும். முடி திருத்துகிற பீட்டருக்கு என்ன ஆனது என்று இங்கே சொல்ல வேண்டும். கடிதம் வந்த அதே 1535இல், ஈஸ்டருக்கு முந்தின நாள் குடும்ப விருந்தில், குடிபோதையில் தன் மருமகனைக் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் மரண தண்டனைக்குப் பதில் நாடு கடத்தப்பட்டார். சொத்தும் ஊரும் போயின. அவருக்காக எழுதிய கடிதத்தை உலகம் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது. முறை தெரிந்தவன் விழமாட்டான் என்று எங்கும் சொல்லப்படவில்லை, விழுந்தவனுக்காக அந்த மாலை அறுத்தெறியப்படவும் இல்லை.

அன்றைக்கு அறிக்கையோடு தொடங்குங்கள். சங்கீதம் 51 போதும். பிறகு 103:14: "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்." செய்ததற்கு ஈடு செய்ய முடிந்தால் அன்றே செய்யுங்கள். ஒரே பாவம் திரும்பத் திரும்ப வந்தால் தனியாகப் போராடாமல் நம்பிக்கையான ஒரு போதகரிடமோ மூத்த விசுவாசியிடமோ பேசுங்கள்.

இரவிலும் வருஷத்துக்கு ஒரு முறையும்

படுக்குமுன் ஐந்து நிமிடம். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா வகுத்த தினசரி ஆத்தும சோதனையிலும் முதல் அம்சம், பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வது. பாவத்தை ஆராய்வது அதற்கு அப்புறம்தான். கத்தோலிக்க நண்பர்களிடமிருந்து இந்த வரிசையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வருஷத்தில் ஒரு நாளைத் தனியாகக் குறித்துவைப்பதும் நல்லது. ஞானஸ்நான நாளாக இருக்கலாம், மனந்திரும்பிய நாளாக இருக்கலாம். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748 மார்ச்சில் நடுக்கடலில் புயலில் சிக்கித் தேவனிடம் கதறினார். அதன் பிறகு மார்ச் 21ஐ ஒவ்வொரு வருஷமும் தாழ்மைக்கும் நன்றிக்கும் உரிய நாளாக அனுசரித்தார். 1805இல், சரியாக எழுத முடியாத முதுமையிலும், அந்த நாளை நாட்குறிப்பில் பதிந்தார். ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகும் 1754 வரை அவர் அடிமைக் கப்பல்களில்தான் போய்வந்தார். அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல். கிருபை பெற்ற மனிதருக்குத் தன் பெரிய பாவம் கண்ணில் பட அத்தனை காலம் ஆனது. வருஷாந்தர நாளில் "இன்னும் நான் பார்க்காதது எது?" என்ற கேள்விக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

குடும்ப ஜெபத்தில்

லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுப்பதற்கானது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழில் தந்தார். நம் வீடுகளில் இன்றும் ராத்திரி பாய் விரித்து உட்காரும் பழக்கம் இருக்கிறது. சீரியல் முடிந்த பிறகு, தூங்கி விழும் பிள்ளைகளோடு!

குடும்பமாக உட்காரும்போது நீளமான ஜெபம் வேண்டாம். ஒரு பாட்டு, மேலே சொன்ன பகுதிகளில் ஐந்தாறு வசனம், பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம். "சாப்பாட்டுக்காக, ஸ்கூலுக்காக" என்று சின்னவன் சொன்னால் திருத்தாதீர்கள், அதுவும் ஸ்தோத்திரம்தான். மன்னிப்பு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் பிரசங்கத்தில் கற்பதில்லை. அன்றைக்கு நீங்கள் காரணமில்லாமல் திட்டியிருந்தால், "அப்பா இன்னைக்கு உன்னைத் திட்டினது தப்பு, மன்னிச்சுக்கோ" என்று அவன் முன்னால் சொல்லிவிட்டு, அதையே ஜெபத்திலும் சொல்லுங்கள். பரிட்சை, மார்க், வேலை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். கடைசியில் பரமண்டல ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் கொஞ்சம் மெதுவாக.